இடுப்பளவுத் தண்ணீர்

கண்டக்டரின் இடது கன்னத்தை வழித்து முடித்து, வலது கன்னத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சலூன்காரருக்கு அந்த விஷயம் தெரியவந்தது.

வெளியே விடாத மழை. கடைக்குள் ஈரக் குடைகளும் ஈரச் செருப்புகளும் சேர்ந்து ஒரு புளித்த வாடை. இப்படிப்பட்ட நாளில் முடி வெட்டிக்கொள்ள யாரும் வருவதில்லை. வருகிறவர்கள் பேச வருகிறவர்கள். கண்டக்டர் அந்த ரகம். பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நடந்துகொண்டே பேசும் பழக்கம் அவரை விடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துணியைக் கட்டினால்தான் உடம்பு ஓரிடத்தில் நிற்கும். வாய் அப்போதும் நிற்காது.

"உன் வீட்டம்மா நல்ல காரியம் பண்ணியிருக்காங்கப்பா," என்றார்.

"எது அண்ணே?"

"அதான், நெட்டையோட ஹெல்மெட்டை மியூசியத்துக்குக் கொடுத்திருக்காங்களே. நேத்து எங்க பேத்தி கிளாஸை அங்க கூட்டிட்டுப் போயிருக்காங்க. பாராசூட்ல குதிச்ச சிப்பாய்ங்களைப் பத்திப் பாடமாம். டீச்சரம்மா சாமானெல்லாம் மேசை மேல பரப்பி, தொட்டுப் பாருங்க, போட்டுப் பாருங்கன்னு விட்டுட்டாங்களாம். இவ ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு இறக்கவே மாட்டேன்னு ஒரே அடம். அப்புறம் டீச்சர் அந்தப் பையன் பேரைச் சொல்லியிருக்காங்க. இவ எழுந்து, அது எங்க தாத்தா ஷேவ் பண்ணிக்கிற கடைக்காரர் பையன்னு சொல்ல, கிளாஸே கை தட்டியிருக்கு."

சலூன்காரரின் கையில் பிரஷ் சுற்றிக்கொண்டே இருந்தது. நுரை வேண்டிய அளவுக்கு மேல் பொங்கிக் காதோரம் வழிந்தது. துண்டால் ஒற்றியெடுத்தார்.

"ஆமாண்ணே. கொடுத்தாச்சு."

"ஆனா பாரு, அந்த டீச்சர் ரெண்டு பேர் கதையைப் போட்டுக் குழப்பிட்டாங்க போல. தண்ணியில விழுந்து போயிட்டான்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்காங்க. இவ வந்து என்கிட்ட கேக்குறா. நான் சொன்னேன், அடிப் பைத்தியம், நெட்டை பாலத்துல நின்னு சண்டை போட்டவன், தண்ணியில விழுந்தது வேற பையனா இருக்கும்னு."

கண்ணாடிக்குள்ளிருந்து கண்டக்டரின் கண்கள் அவரைப் பார்த்தன. சலூன்காரர் கத்தியைத் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்தார். மோவாயைப் பிடித்து அந்த முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார்.

"ஆமாண்ணே. அது வேற பையன்."

கை தன் வேலையை மறக்கவில்லை. வலது கன்னம், மேலுதடு, கழுத்து, படிகாரம், குளிர்ந்த தண்ணீர், பவுடர். கண்டக்டர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனதும் கதவின் அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு, மத்தியானத்துக்கு முன்பே கடையைப் பூட்டினார். அம்மை வந்து கிடந்தபோது தவிர அவர் அப்படிப் பூட்டியதில்லை.

வீட்டில் யாரும் இல்லை. மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை வேலை. ஈரக் காலோடு உள்ளறைக்குப் போய் அலமாரியின் மேல்தட்டைத் திறந்து பார்த்தார். ஹெல்மெட் இல்லை. ஒற்றைக் கையுறை இல்லை. படுக்கை விரிப்பு அளவுக்கு வெட்டியெடுத்த பாராசூட் துணியும் இல்லை. தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் ஹெல்மெட் இருந்த இடம் மட்டும் வட்டமாக மஞ்சள் ஏறாமல் இருந்தது.

அவர்களுக்கு அவன் ஒரே பிள்ளை. பதினைந்து வயதிலேயே அப்பாவைத் தாண்டி வளர்ந்துவிட்டதால் தெருவில் எல்லோருக்கும் அவன் நெட்டை. வீட்டின் எந்தக் கதவிலும் குனியாமல் நுழைய முடியாது. குனிய மறந்து இடித்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தபடியேதான் சாப்பிட உட்காருவான். பாராசூட் படைக்கு ஆள் எடுத்தபோது போனான். சண்டை வந்தது. அதன் இரண்டாம் மாதம் அவன் இறந்துவிட்டதாகப் பட்டாளத்திலிருந்து இரண்டு பேர் வந்து சொன்னார்கள். போரில் இறந்தான் என்றார்களே ஒழிய, எப்படி என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

சண்டை ஓய்ந்து ஒரு வருடம் கழித்து, அவனோடு ஒரே விமானத்திலிருந்து குதித்தவன் ஒருவன் அந்தச் சாமான்களை எடுத்துக்கொண்டு வந்தான். வந்தவனுக்கு டீ போடப் பால் இல்லை. மனைவி வாங்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். டீயைக் குடிக்காமலேயே எழுந்து போனான். அவன் போனதும், பாலோடு நின்ற அவளிடம் சலூன்காரர் சுருக்கமாகச் சொன்னார். இருட்டில் குதித்திருக்கிறார்கள். கீழே வயலெல்லாம் தண்ணீர். இடுப்பளவுதான். ஆனால் சுமையோடு குப்புற விழுந்தவன் எழுந்திருக்கவில்லை, உடனே போய்விட்டான்.

மறுநாள் கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "நேத்து வந்த பையன் என்னப்பா சொன்னான்?" கத்தரிக்கோலை எடுத்தபடியே சலூன்காரர் வாயைத் திறந்தார். வாயிலிருந்து ஒரு பாலம் வந்தது. எதிரி தாண்டிவிடாமல் அந்தப் பாலத்தை ஐந்து பேர் விடியும்வரை காத்து நின்றார்கள் என்றார். அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்தப் பாலத்தைத் தினமும் பார்த்துப் பார்த்துப் பராமரித்தார். கைப்பிடிச் சுவர் வைத்தார். கீழே ஆறு ஓடவிட்டார். ஐந்து பேர் மூன்று பேரானார்கள். போன வருடத்திலிருந்து நெட்டை தனியாகவே பாலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மனைவி வேலை முடிந்து வந்து குடையை மடக்கியபோது அவர் இருட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கடை?"

"யாரைக் கேட்டுக் கொடுத்த?"

அவள் பையைக் கீழே வைத்தாள். எதைக் கேட்கிறார் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யாரையும் கேக்கல. கேட்டா நீங்க குடுத்திருக்க மாட்டீங்க."

"எப்போ?"

"போன மாசம். மியூசியத்துல கேட்டிருந்தாங்க, சண்டைக்குப் போனவங்க சாமான் இருந்தா குடுங்கன்னு. கண்ணாடிக்குள்ள வைக்கட்டுமா, பிள்ளைங்க தொடுற மேசையில வைக்கட்டுமான்னு அந்த டீச்சர் கேட்டாங்க. மேசையிலன்னு சொன்னேன்."

"கண்ட பிள்ளைங்க கையிலயும் போட்டு உருட்டவா?"

"ஆமா. உருட்டட்டும். ஆறு வருஷமா அதைத் தூசி தட்டித் தட்டி வைக்கிறேன். நீங்க தொட மாட்டீங்க. எனக்குத் தொட்டா நாள் முழுக்க வேலை ஓடல. அவன் தலை பட்ட இடத்துல இன்னொரு தலை படட்டும்னு குடுத்தேன்."

"சரி, குடுத்த. அந்தத் தண்ணிக் கதையையும் சேத்து ஏன் குடுத்த?"

அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"உன்னைத்தான் கேக்குறேன். இன்னைக்குக் கடையில உக்காந்துக்கிட்டு கண்டக்டர் கேக்குறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆறடிப் பையன், இடுப்பளவுத் தண்ணியில செத்தான்னு ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? கேக்குறவன் சிரிக்க மாட்டானா?"

"டீச்சர் கேட்டாங்க, எப்படி இறந்தார்னு. உங்க பாலத்தைச் சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். வரல."

"என்ன வரல?"

அவள் தீக்குச்சியை அணைத்துவிட்டுத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சொல்ற பையன் யாருன்னே எனக்குத் தெரியலங்க. பாலத்துல நிக்கிறவனை எனக்குத் தெரியாது. அவன் உங்க கடைக்கு வர்றவங்களோட பிள்ளை. என் பிள்ளை தண்ணியில கிடந்தான். அவனைப் பத்திப் பேச இந்த வீட்டுல ஆள் இல்ல."

அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் சாப்பிட்டார், பேசவில்லை. ரொட்டியும் உருளைக்கிழங்குச் சூப்பும் மேசைக்கு வரும், தட்டு காலியாகும், கழுவப்படும். உப்பு வேண்டுமென்றால் அவரே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். துவைத்த துணி ஒன்றும் காயாமல் அறைக்கு நடுவே கொடியில் தொங்கியது. இருவரும் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடமாடினார்கள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு விரிப்பு மடிக்கும் வேலை. ஆவி எந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூலையைப் பிடித்து, உதறி, நெருங்கி வந்து மடித்து, விலகி மறுபடி மடிக்க வேண்டும். அவளோடு மடிக்கிறவள் பல வருடச் சிநேகிதி. அவளைவிட இளையவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவாள்.

"மூஞ்சி ஏன்க்கா இப்படி இருக்கு? வீட்டுல பேச்சு இன்னும் வரலியா?"

"வரல."

"கண்ணாடிக்குள்ள மாத்தி வைக்கச் சொல்லிடேன். சீட்டுல பேரும் வயசும் மட்டும் எழுதிட்டாப் போதும். தண்ணியும் வேணாம், பாலமும் வேணாம்."

அவள் விரிப்பின் மூலையைப் பிடித்தபடி நெருங்கி வந்தாள். "அதையும் நெனச்சுப் பாத்தேன். போன வாரம் பின்னாடி பெஞ்சுல உக்காந்து ஒரு கிளாஸைப் பாத்தேன். ஒரு சின்னப் பொண்ணு அந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டு கையை விரிச்சு விரிச்சுப் பாக்குது. எவ்வளவு பெரிய கைங்குது. அவ்வளவுதான் சொன்னுச்சு. அவன் கை பெருசுதான்னு ஆறு வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் சொல்றாங்க." விலகிப் போய் உதறினாள். "எடுக்க மனசு வரல."

"உங்க வீட்டுக்காரர் போய் எடுத்துட்டு வந்துட்டா?"

"வந்துட்டா வந்துட்டார்தான். அப்பாதானே."

அவர் அதற்குத்தான் கிளம்பினார். வாரத்தில் கடை திறக்காத நாள். மழை தூறலாக இறங்கியிருந்தது. கையில் ஒரு துணிப்பையை மடித்து எடுத்துக்கொண்டார்.

மியூசியம் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. உயரமான கூரை, இரும்பு உத்தரங்கள், எங்கேயோ ஒழுகி வாளியில் சொட்டும் சத்தம். வாசலில் நின்றிருந்த ஆள், "ஸ்கூல் பிள்ளைங்களோட வந்தவரா?" என்று கேட்டபோது ஏன் என்று தெரியாமலேயே தலையை ஆட்டிவிட்டார். உள்ளே கைகாட்டினார். பத்து வயசுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு, ஈரச் சட்டையும் ஈர முடியுமாகக் கசகசவென்று நின்றிருந்தது. அவர் கதவோரமாக ஒதுங்கினார்.

மியூசியம் டீச்சர் நடுத்தர வயதுப் பெண். தொண்டை கட்டியிருந்தது. வாயில் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசினாள். பிள்ளைகளை எதிரெதிராகப் போட்டிருந்த இரண்டு நீள பெஞ்சுகளில் நெருக்கி உட்காரவைத்தாள்.

"இன்னும் நெருங்குங்க. முட்டியோட முட்டி இடிக்கணும். பிளேனுக்குள்ள இவ்வளவுதான் இடம். இப்ப விளக்கை அணைக்கப் போறேன். பேசினா கேக்காது, அவ்வளவு சத்தம்."

விளக்கு போனது. ஒலிப்பெட்டியிலிருந்து விமான இரைச்சல் அறையை நிறைத்தது. சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"எழுந்திருங்க. தலைக்கு மேல கம்பி இருக்கா? உங்க கயித்துக் கொக்கியை அதுல மாட்டுங்க. நீங்க குதிச்சதும் அந்தக் கயிறுதான் குடையை இழுத்து விரிக்கும். இப்ப முன்னாடி நிக்கிறவங்க முதுகுப் பையைச் சரி பாருங்க. சரியா இருந்தா தோள்ல தட்டி, சரின்னு சொல்லுங்க."

கடைசிப் பிள்ளையிடமிருந்து அது தொடங்கியது. சரி. சரி. சரி. சின்னச் சின்னக் குரல்கள் இருட்டில் ஒவ்வொரு தோளாகக் கடந்து முன்னால் வந்தன. சலூன்காரர் துணிப்பையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நெட்டையின் தோளை யார் தட்டியிருப்பார்கள் என்று இதுவரை அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒரு தாழ்ந்த மேடையிலிருந்து மெத்தை மேல் குதித்தார்கள். விளக்கு வந்தது. டீச்சர் அவர்களை மேசையைச் சுற்றி நிறுத்தினாள். அவருடைய வீட்டு அலமாரியில் இருந்தவை அங்கே இருந்தன. ஹெல்மெட் கைமாறிக் கைமாறிப் போனது. பாராசூட் துணியை ஒரு பெண் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதைப் போட்டிருந்தவர் உங்களை மாதிரி ஸ்கூல்ல படிச்சவர்தான். ரொம்ப உயரம். நெட்டைன்னு கூப்பிடுவாங்களாம். ராத்திரி குதிச்சாங்க. மேலருந்து பாத்தா நிலா வெளிச்சத்துல புல்வெளி மாதிரி இருந்துச்சு. ஆனா எதிரிங்க வாய்க்காலை உடைச்சு வயல் முழுக்கத் தண்ணி விட்டிருந்தாங்க. அவர் தண்ணியில விழுந்தார். எழுந்திருக்க முடியல. அங்கேயே இறந்துட்டார்."

"எவ்வளவு ஆழம் டீச்சர்?" ஒரு பையன் கேட்டான். குண்டுப் பையன், சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தான்.

டீச்சர் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள்.

"அவ்வளவுதானா? எழுந்து நின்னிருக்கலாமே. எங்க வீட்டுத் தொட்டி அதைவிட ஆழம்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆறு வருடமாக சலூன்காரர் எந்தச் சிரிப்புக்குப் பயந்தாரோ அது இதுதான். கடையில், டீக்கடையில், தெருமுனையில் எங்கே வரும் என்று காத்திருந்தது இங்கே வந்து, பால்பல் விழுந்த வாய்களிலிருந்து வந்தது. அதில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதனால் யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

டீச்சர் திட்டவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதான். வா, செஞ்சு பாப்போம்," என்றாள். வார்ப்பட்டைகளை அந்தப் பையனின் தோளிலும் தொடையிலும் கொடுத்து மார்பில் பூட்டினாள். முன்பக்கம் மணல் நிரப்பிய பை ஒன்றைக் கட்டினாள். அவன் தள்ளாடினான். மெத்தையில் குப்புறப் படுக்கவைத்து, மியூசியத்தின் முழுப் பாராசூட்டையும் அவன் மேல் போட்டு மூடினாள்.

"இப்ப எழுந்திரு பாக்கலாம். முடியலன்னா உடனே சொல்லு."

துணிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. கையை ஊன்றித் தூக்கப் பார்த்தான். மார்புக்குக் கீழே இருந்த பை உருண்டு அவனை ஒரு பக்கமாகச் சாய்த்தது. கயிறு காலில் சுற்றிக்கொண்டது. மறுபடி முயன்றான். சிரிப்பு நின்றது. கால்கள் மெத்தையை உதைத்தன. துணி அவன் வாயிருந்த இடத்தில் உள்ளே குழிந்து வெளியே உப்பியது. சுற்றி நின்ற பிள்ளைகள் அமைதியானார்கள். டீச்சர் குனிந்தாள்.

அதற்குள் சலூன்காரர் போய்விட்டிருந்தார். எப்படிப் போனார் என்று பிறகு யோசித்தும் நினைவு வரவில்லை. துணியை வாரி வீசினார். வார்ப்பட்டையைப் பிடித்துப் பையனைச் சுமையோடு தூக்கி மடியில் நிமிர்த்திப் போட்டார். பூட்டு விரலுக்குள் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் திறந்தது. பையனின் முகம் வியர்த்து முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"என்னால முடியல தாத்தா."

"முடியாதுப்பா. யாராலயும் முடியாது."

"நான் சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும்டா கண்ணா. மூச்சு விடு. நல்லா விடு."

டீச்சர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். "ஐயா, நீங்க...?"

"அந்தப் பையனோட அப்பா," என்றார்.

அறையில் வாளியில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஹெல்மெட்டை வைத்திருந்த பெண் அதைத் தலையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அவருக்கு நீச்சல் தெரியுமா தாத்தா?"

"தெரியும்மா. நல்லா நீந்துவான்."

பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போனார்கள். அந்தக் குண்டுப் பையன் கதவு வரை போய்த் திரும்பி அவரைப் பார்த்துவிட்டுப் போனான்.

டீச்சர் தரையில் கிடந்த துணிப்பையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அது எதற்கு என்று அவளுக்குப் புரிந்திருந்தது.

"எடுத்துட்டுப் போகணும்னா தாராளமா எடுத்துட்டுப் போங்க ஐயா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நான் சொல்றது தப்பா இருந்தாலும் சொல்லுங்க."

அவர் ஹெல்மெட்டைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தார். நெற்றிப் பக்கத்துப் பஞ்சு பிரிந்திருந்தது.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. இருக்கட்டும். இந்தப் பஞ்சை மட்டும் தெச்சு விடுங்க, பிள்ளைங்களுக்கு உறுத்தும்." ஹெல்மெட்டை மேசையில் வைத்தார். "ஆனா அந்தப் பிள்ளையைப் படுக்கவச்சு மூடினீங்களே, அது இனிமே வேணாம்."

"வேணாம் ஐயா. செய்ய மாட்டேன்."

மறுநாள் கண்டக்டர் கழுத்து முடியை எடுத்துக்கொள்ள வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. சலூன்காரர் துணியைக் கட்டிவிட்டு, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அன்னைக்கு ஒண்ணு சொன்னேன். உங்க பேத்தி சொன்னதுதான் சரி. தண்ணியில விழுந்தது எங்க நெட்டைதான்."

கண்டக்டர் கண்ணாடியைப் பார்க்காமல் மடியில் விழுந்திருந்த பழைய முடியைத் தட்டிவிட்டார்.

"தெரியும்ப்பா."

"எப்போதிலேருந்து?"

"அவன் கூட்டாளி வந்துட்டுப் போனானே, அன்னைக்கே. என் வண்டியிலதான் ஏறினான். டிக்கெட் எங்கன்னு கேட்டேன், அழுதுட்டான். பக்கத்துல உக்காந்து கேட்டேன். இப்படி இப்படின்னு சொன்னான்."

"ஆறு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலியே அண்ணே."

"மறுநாள் ஷேவ் பண்ண வந்தா நீ பாலத்தைப் பத்திச் சொல்லிட்டிருக்க. சரி, சொல்லட்டும், மனசு கொஞ்சம் ஆறும்னு விட்டுட்டோம்."

"விட்டுட்டோமா?"

கண்டக்டர் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"அதை விடுப்பா. அன்னைக்குப் பேத்தி சொன்னதும் நீ சங்கடப்படக் கூடாதேன்னுதான் வேற பையன்னு நானே எடுத்துக் குடுத்தேன். தப்பா நெனச்சுக்காதே."

சலூன்காரர் தலையை ஆட்டினார். கழுத்து முடியை எடுத்துவிட்டார். ஆறுதல் எதுவும் வரவில்லை. இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அப்படியா, தனியாகவா நின்றான் என்று கேட்ட ஒவ்வொரு முகமும் கண்ணாடியில் வந்து போனது. அவர் தங்களுக்குக் கதை சொல்வதாக அவர்கள் காட்டிக்கொண்டார்கள். உண்மையில் அவர்கள்தான் அவரை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கொடுத்த காசை வாங்கி மேசையறையில் போட்டபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று மேலும் நாலைந்து பேர் வந்தார்கள். யாரோடும் பேசவில்லை. அவர்களும் எதையும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மனைவி மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மியூசியத்துக்குப் போய்வந்ததை அவர் சொல்லவில்லை. டீச்சர் சலவைக்கூடத்துக்கே வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"பஞ்சைத் தெச்சிட்டாங்களாம்," என்றாள்.

"நல்லது." எதிரே உட்கார்ந்தார். "ஊருக்கே தெரியுமாம். கண்டக்டர் சொன்னாரு."

"ம். என்கூட மடிக்கிறவளுக்கும் தெரியும். ஆறு வருஷமா என்கிட்ட கேட்டதில்ல. இப்ப நான் சொன்னப்ப ஆச்சரியப்படவும் இல்ல."

"நான்தான் கோமாளி மாதிரி ஆடிட்டிருந்திருக்கேன்."

"யாரும் அப்படி நெனைக்கல."

அவள் நறுக்கியதைப் பாத்திரத்தில் தள்ளினாள். அவர் மேசை மேலிருந்த ரொட்டித் துணுக்குகளை ஒரு விரலால் ஒரே இடத்தில் கூட்டினார்.

"அவன் கூட்டாளி வந்தப்ப நீ பால் வாங்கப் போயிட்ட."

"ஆமா."

"இன்னொண்ணும் சொன்னான். உன்கிட்ட சொல்லல."

அவள் கத்தியை வைத்தாள்.

"ஒவ்வொருத்தர் கழுத்துலயும் ஒரு விசில் கட்டி விடுவாங்களாம். இருட்டுல விழுந்த இடம் தெரியணும், ஒருத்தரை ஒருத்தர் தேடிப் பிடிக்கணும்னு. வந்த கூட்டாளியும் தண்ணியிலதான் விழுந்திருக்கான். முதுகு கீழ பட விழுந்ததால எழுந்துட்டான். எழுந்து நின்னப்போ விசில் சத்தம் கேட்டிருக்கு. நம்ம நெட்டை, தலையைத் தூக்க முடிஞ்சப்பல்லாம் ஊதியிருக்கான். இவன் அந்தச் சத்தத்தைப் பாத்துப் போயிருக்கான். நாலு பக்கமும் தண்ணி. காத்து வேற. இந்தப் பக்கம் போனா சத்தம் அந்தப் பக்கம் கேக்குது. திரும்பிப் போனா வேற எங்கேயோ கேக்குது. ஊதிட்டே இருந்தானாம். அப்புறம் விட்டு விட்டுக் கேட்டுச்சாம்."

அவளுடைய கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"நான் கேக்கல. கேக்க முடியல."

"அப்போ கூப்பிட்டிருக்கான்."

"கூப்பிட்டிருக்கான்."

"உடனே போயிட்டான்னு சொன்னீங்களே என்கிட்ட."

"வேற எப்படிச் சொல்லுவேன்? நீ பாலோட உள்ள வந்து நிக்கிற."

பாத்திரத்தில் சூப் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் எழுந்து அணைத்துவிட்டு வந்தாள். நின்றுகொண்டே அவரைப் பார்த்தாள். நரைத்த முடி, தோளில் ஒட்டியிருந்த யார் யாருடைய முடியோ, கூட்டிய ரொட்டித் துணுக்கின் மேல் அசையாமல் இருந்த விரல்.

"இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தை நீங்க ஒருத்தரேவா கேட்டுட்டிருந்தீங்க?"

அவர் தலை அசைந்தது. பிறகு, "டீச்சர்கிட்ட சொல்லணுமா?" என்று கேட்டார்.

அவள் கத்தியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"வேணாங்க. சின்னப் பிள்ளைங்க. தண்ணி வரைக்கும் போதும் அவங்களுக்கு."

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தோள் இடித்துக்கொண்டது. இருவருமே நகரவில்லை. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டபடி போனார்கள். பிறகு அதுவும் நின்றது. வீடு அடங்கியதும், கொஞ்ச நேரத்தில், அவளுக்கும் அந்த விசில் கேட்கத் தொடங்கியது.